எஸ்மோர்சார்: ஸ்பெயினின் முற்பகல் உணவு

ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியா, கட்டலோனியா பகுதிகளில் காலை 9 முதல் 11 மணிக்குள் உண்ணப்படும் கனத்த உணவு எஸ்மோர்சார். விடியுமுன் காப்பியோடு வயலுக்குப் போன உழவர்கள் பாதி வேலை முடித்து, பிற்பகல் 2 மணிக்கு மேல் வரும் மதிய உணவு வரை தாங்குவதற்காக உண்டது இது. உடலுழைப்பின் தேவையே இதன் அளவை நிர்ணயித்தது.

பன்றிக்கறியே இதில் முதன்மை. குளிர்காலத்தில் வீட்டுப் பன்றியை அறுத்து, கறியைத் தொத்திறைச்சியாக்கிச் சேமிப்பது கிராம வழக்கம். அந்தத் தொத்திறைச்சியும் கொழுப்பு படர்ந்த வயிற்றுக்கறியும் தணலில் வாட்டப்படுகின்றன. கவாத்து செய்த திராட்சைக் கொடியின் சுள்ளிகளை எரித்தால் விரைவில் நல்ல தணல் கிடைக்கும். தோட்டத்துக் கழிவே அடுப்புக்கு விறகாகிறது. கறி வேகும் தணலிலேயே ரொட்டியும் வாட்டப்படும். பூண்டையும் ஆலிவ் எண்ணெயையும் உரலில் இடித்துக் குழைத்த அலியோலி தொட்டுக்கொள்ள.

வலென்சியாவில் நீண்ட ரொட்டியைப் பிளந்து கறியை உள்ளே வைப்பார்கள். உடன் வேர்க்கடலை, ஆலிவ் காய், ஒயின். எலுமிச்சைத் தோல், பட்டை சேர்த்துக் கொளுத்திய ரம்மில் காப்பி ஊற்றிய கிரெமாயெத் கடைசியில் வரும். கட்டலோனியாவில் தட்டும் முள்கரண்டியும் வைத்து உண்கிறார்கள்; வாட்டிய பூட்டிஃபாராத் தொத்திறைச்சியும் வெள்ளை பீன்ஸ் விதைகளும் அங்கே பெயர்பெற்ற இணை.

வயல்வேலை குறைந்த பின்னும் வழக்கம் அழியவில்லை. கட்டுமானத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டிக் குழுவினர் எனப் பலரும் ஊர்ப்புற மதுக்கடைகளில் ஒரே மேசையில் கூடி உண்கிறார்கள்.