இந்தியன் ஓப்பன் குழிப்பந்தாட்ட வாகையாளர்கள்

இந்தியன் ஓப்பன் என்பது இந்தியாவின் தேசியத் திறந்தநிலைக் குழிப்பந்தாட்டப் (கோல்ஃப்) போட்டி ஆகும். இந்தியக் குழிப்பந்தாட்ட ஒன்றியத்தால் 1964 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்போட்டி, ஆசியாவின் பழமையான தேசியத் திறந்தநிலைப் போட்டிகளுள் ஒன்றாகும். முதன்மை விளம்பர ஆதரவாளரின் பெயரைச் சேர்த்து இது ஹீரோ இந்தியன் ஓப்பன் என வழங்கப்படுகிறது. 1964 முதல் 2025 வரை நடைபெற்ற 58 போட்டிகளில் 13 முறை இந்தியர்கள் வாகை சூடியுள்ளனர். இந்த 13 பட்டங்களையும் ஒன்பது ஆட்டக்காரர்கள் பகிர்ந்துகொண்டுள்ளனர். அவர்களுள் சிலர் பிறருடைய மட்டைப் பைகளைச் சுமக்கும் கேடிகளாகத் தம் வாழ்வைத் தொடங்கியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

போட்டி முறை

திறந்தநிலைப் போட்டி என்பது தொழில்முறை ஆட்டக்காரர்களும் தொழில்முறை சாராத ஆட்டக்காரர்களும் பங்கேற்க இடமளிக்கும் போட்டியைக் குறிக்கும். இந்தியன் ஓப்பன் நான்கு நாட்கள் நடைபெறும். ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு 18 குழிகள் என மொத்தம் 72 குழிகள் ஆடப்படும். பந்தைக் குழிக்குள் சேர்க்க எடுத்துக்கொள்ளும் ஒவ்வோர் அடியும் எண்ணப்படும். நான்கு நாட்களின் முடிவில் மிகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடித்தவரே வாகையாளர் ஆவார்.

ஒரு குழிக்குத் தேர்ந்த ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகளின் எண்ணிக்கை 'பார்' எனப்படும். அதைவிட ஓர் அடி குறைவாக எடுத்தால் 'பேர்டி', ஓர் அடி கூடுதலாக எடுத்தால் 'போகி' எனப்படும். இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியுள்ளோர் விலக்கப்பட்டு, எஞ்சியோர் மட்டும் இறுதி இரு நாட்களில் ஆடுவர். நான்காம் நாள் முடிவில் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ சமநிலையில் இருந்தால், கூடுதல் குழிகள் ஆடி வாகையாளர் முடிவு செய்யப்படுவார். இது 'பிளே-ஆஃப்' எனப்படும்.

வரலாறு

தொடக்க ஆண்டுகள் (1964–1990)

முதல் போட்டி 1964 இல் தில்லி கோல்ஃப் கிளப்பில் நடைபெற்றது. அதில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். பிரித்தானிய ஓப்பன் போட்டியை ஐந்து முறை (1954, 1955, 1956, 1958, 1965) வென்ற இவர், ஆசிய நாடுகளில் தொழில்முறைக் குழிப்பந்தாட்டம் வளரத் துணைநின்றவர்களுள் முதன்மையானவர். இந்தியன் ஓப்பனை 1966, 1976 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். முதல் வெற்றிக்கும் மூன்றாம் வெற்றிக்கும் இடையே 12 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இரண்டாவது போட்டியிலேயே, அதாவது 1965 இல், இந்தியரான பிரேம் கோபால் சேத்தி வாகை சூடினார். 'பில்லு' சேத்தி என அழைக்கப்பட்ட இவர் தொழில்முறை சாராத ஆட்டக்காரர். அர்ஜுனா விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1961 ஆம் ஆண்டிலேயே குழிப்பந்தாட்டத்திற்காக அவ்விருதைப் பெற்றவர். அவருக்குப் பின் மற்றோர் இந்தியர் இப்பட்டத்தை வெல்ல 26 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டவரே ஆதிக்கம் செலுத்தினர். சப்பானின் கென்ஜி ஹோசோயிஷி 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து வென்றார். ஆஸ்திரேலியரான கிரகாம் மார்ஷ் 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் வென்றார். இவர் புகழ்பெற்ற துடுப்பாட்ட இலக்குக் காப்பாளர் ராட் மார்ஷின் அண்ணன் ஆவார். மற்றோர் ஆஸ்திரேலியரான பிரையன் ஜோன்ஸ் 1972, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1981 இல் வென்ற ஐக்கிய அமெரிக்காவின் பெயின் ஸ்டுவர்ட் அப்போது பரவலாக அறியப்படாத இளைஞர். பின்னர் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் (1989), யு.எஸ். ஓப்பன் (1991, 1999) ஆகிய பெரும் பட்டங்களை வென்றார். 1999 அக்டோபரில் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார்.

இந்தியர்களின் எழுச்சி (1991–2009)

1991 இல் தில்லி கோல்ஃப் கிளப்பில் நடைபெற்ற போட்டியில் அலி ஷேர் வென்றார். இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் இவரே. அதே கிளப்பில் கேடியாக இருந்து ஆட்டத்தைக் கற்றவர் என்பதால் இவ்வெற்றி பெரிதும் பேசப்பட்டது. 1993 இல் இவர் மீண்டும் வென்றதால், முதல் வெற்றி தற்செயலானது அன்று என்பதும் உறுதியாயிற்று.

1995 இல் ஆசிய பி.ஜி.ஏ. சுற்றின் (பின்னாளைய ஆசியச் சுற்று) முதல் பருவம் நடைபெற்றது. அதன் பின்னர் இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஆண்டு முழுவதும் அயல்நாட்டவருடன் போட்டியிடும் வாய்ப்பு விரிந்தது. இதன் பயன் விரைவில் தெரிந்தது. பிரோஸ் அலி (1998), அர்ஜுன் அட்வால் (1999), ஜோதி ரந்தாவா (2000) என இந்தியர்கள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றனர். இவர்களுள் அட்வால் 2010 இல் விண்டம் சாம்பியன்ஷிப் போட்டியை வென்று, அமெரிக்க பி.ஜி.ஏ. சுற்றில் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

2002 இல் லக்னோவைச் சேர்ந்த விஜய் குமார் வென்றார். ரந்தாவா 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வென்று, தாம்சனின் மூன்று பட்டச் சாதனையைச் சமன் செய்தார். 2006 இல் சிவ் கபூர், எஸ். எஸ். பி. சௌராசியா ஆகிய இருவரையும் அவர் பிளே-ஆஃபில் வென்றார். 2009 இல் பெங்களூருவைச் சேர்ந்த சி. முனியப்பா, தென்கொரியாவின் லீ சுங்கை பிளே-ஆஃபில் வீழ்த்தினார்.

ஐரோப்பியச் சுற்றின் இணைப்பு (2015 முதல்)

2014 இல் போட்டி நடைபெறவில்லை. அடுத்த போட்டி 2015 பிப்ரவரியில், ஆசியச் சுற்று, ஐரோப்பியச் சுற்று ஆகிய இரண்டின் கூட்டு ஏற்புடன் நடத்தப்பட்டது. இதன் இறுதி நாள் தொடங்கியபோது அனிர்பன் லாகிரி, முன்னிலையில் இருந்த சௌராசியாவைவிட ஏழு அடிகள் பின்தங்கியிருந்தார். நாள் முடிவில் இருவரும் சமநிலை அடைந்தனர். பிளே-ஆஃபில் லாகிரி வென்றார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டியில் லாகிரி ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

சௌராசியாவுக்கு இது நான்காவது ஏமாற்றம். 1999, 2006, 2013, 2015 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் அவர் இரண்டாம் இடத்தோடு திரும்ப நேர்ந்தது. 2016 இல் அவர் லாகிரியையும் தென்கொரியாவின் வாங் ஜியுங்-ஹுனையும் இரண்டு அடிகளில் முந்தி முதன்முறையாக வாகை சூடினார். முதலில் இரண்டாம் இடம் பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 17 ஆண்டுக் காத்திருப்பு அது. 2017 இல் ஏழு அடிகள் வேறுபாட்டில் மீண்டும் வென்றார். அவ்வாண்டு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

2017 முதல் போட்டி, குருகிராமில் உள்ள டி.எல்.எஃப். கிளப்பின் கேரி பிளேயர் திடலில் நடத்தப்படுகிறது. 2018 இல் இங்கிலாந்தின் மாட் வாலஸ் பிளே-ஆஃபில் வென்றார். 2019 இல் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் கலாச்சர் இறுதிச் சுற்றின் ஏழாவது குழியில் பாரைவிட நான்கு அடிகள் கூடுதலாக எடுத்தார். ஆயினும் கடைசி மூன்று குழிகளிலும் பேர்டி அடித்து, ஓர் அடி வேறுபாட்டில் வென்றார். அப்போது அவரது மகனே அவருக்குக் கேடியாக இருந்தார்.

2020, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. 2023 இல் மீண்டும் தொடங்கியபோது செருமனியின் மார்சல் சீம் வென்றார். 2024 இல் சப்பானின் கெய்ட்டா நகாஜிமா நான்கு அடிகள் வேறுபாட்டில் வென்றார். அப்போட்டியில் இந்தியாவின் வீர் அலாவத் இரண்டாம் இடத்தை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். 2025 இல் எசுப்பானியாவின் யூஜெனியோ சக்காரா, நகாஜிமாவை இரண்டு அடிகளில் முந்தி வென்றார்.

கேடிகளிலிருந்து வாகையாளர்கள்

குழிப்பந்தாட்டத்தில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து செல்பவர் கேடி எனப்படுவார். தொலைவைக் கணித்துச் சொல்வதும், காற்றின் போக்கையும் புல்தரையின் சரிவையும் அறிந்து எந்த மட்டையை எடுக்கலாம் எனக் கூறுவதும் இவரது பணியாகும். இந்தியாவில் திடல்கள் பெரும்பாலும் உறுப்பினர் கிளப்புகளுக்கோ படைத்துறைக்கோ உரியவை. மட்டைகள், பந்துகள், உறுப்பினர் கட்டணம் ஆகிய அனைத்தும் செலவு மிக்கவை. எனவே எளிய குடும்பத்துச் சிறுவர்கள் திடலுக்குள் நுழையக் கேடிப் பணியே வழியாக இருந்தது.

பயிற்சியாளர் இன்றி, உறுப்பினர்கள் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர்கள் இவ்வழியே உருவாயினர். அலி ஷேர், விஜய் குமார், முனியப்பா ஆகியோர் கேடிகளாக இருந்தவர்கள். சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரைப் பராமரிப்பாளர். அத்திடலிலேயே வளர்ந்த சௌராசியா, குழிக்கு அருகில் ஆடும் குறுந்தொலைவு அடிகளில் பெற்றிருந்த திறமையால் 'சிப்-புட்-சியா' என்னும் பட்டப்பெயரைப் பெற்றார். 2013 இல் வென்ற வங்காளதேசத்தின் சித்திக்குர் ரகுமானும் டாக்காவின் குர்மிட்டோலா கோல்ஃப் கிளப்பில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கியவரே. அவ்வாண்டு அவர் ஓர் அடி வேறுபாட்டில் முந்தியவர்கள் லாகிரியும் சௌராசியாவும் ஆவர்.

மறுபுறம், ரந்தாவாவும் லாகிரியும் படைத்துறைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆகவே இந்திய வாகையாளர்கள் அனைவரும் ஒரே பின்னணியைக் கொண்டவர்கள் எனக் கூற இயலாது. கிளப் மதிலுக்கு உள்ளே ஆடியவர்களின் பிள்ளைகளும், அவர்களுக்காகப் பை சுமந்தவர்களும் ஒரே பட்டியலில் இடம்பெறுவதே இப்போட்டியின் தனித்தன்மை எனலாம்.

திடல்கள்

போட்டி நெடுங்காலம் தில்லி கோல்ஃப் கிளப்பிலும் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பிலும் நடத்தப்பட்டது. 1829 இல் தொடங்கப்பட்ட கல்கத்தா கிளப், பிரித்தானியாவுக்கு வெளியே உள்ள மிகப் பழைய குழிப்பந்தாட்டக் கிளப்பாகக் கருதப்படுகிறது. தில்லித் திடலில் இடைக்காலக் கல்லறை மண்டபங்கள் உள்ளன. அங்கு ஆடுபாதைகள் குறுகியவை, இருபுறமும் அடர்ந்த புதர்கள். ஆகவே தொலைவாக அடிப்பவரைவிட நேராக அடிப்பவருக்கே அத்திடல் சாதகமானது. உள்ளூர் ஆட்டக்காரர்கள் அங்கு அதிகம் வென்றதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. தென்னிந்தியாவில் 2012 ஆம் ஆண்டுப் போட்டி பெங்களூருவின் கர்நாடக கோல்ஃப் சங்கத் திடலில் நடைபெற்றது. இந்திய வாகையாளர்கள் ஒன்பது பேருள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் எவரும் இல்லை.

வாகையாளர்கள் பட்டியல் (1991–2025)

1991 – அலி ஷேர் (இந்தியா)
1992 – ஸ்டுவர்ட் கின் (ஆஸ்திரேலியா)
1993 – அலி ஷேர் (இந்தியா)
1994 – எம்லின் ஆப்ரி (ஐக்கிய அமெரிக்கா)
1995 – ஜிம் ரட்லெட்ஜ் (கனடா)
1996 – ஹிடெசூமி ஷிராகாட்டா (சப்பான்)
1997 – எட் ஃபிரையாட் (இங்கிலாந்து)
1998 – பிரோஸ் அலி (இந்தியா)
1999 – அர்ஜுன் அட்வால் (இந்தியா)
2000 – ஜோதி ரந்தாவா (இந்தியா)
2001 – தோங்சாய் ஜெய்தீ (தாய்லாந்து)
2002 – விஜய் குமார் (இந்தியா)
2003 – மைக் கன்னிங் (ஐக்கிய அமெரிக்கா)
2004 – மர்தான் மமாத் (சிங்கப்பூர்)
2005 – தாவோர்ன் விரட்சந்த் (தாய்லாந்து)
2006 – ஜோதி ரந்தாவா (இந்தியா)
2007 – ஜோதி ரந்தாவா (இந்தியா)
2008 – லியாங் வென்-சோங் (சீனா)
2009 – சி. முனியப்பா (இந்தியா)
2010 – ரிக்கார்ட் கார்ல்பெர்க் (சுவீடன்)
2011 – டேவிட் கிளீசன் (ஆஸ்திரேலியா)
2012 – தாவோர்ன் விரட்சந்த் (தாய்லாந்து)
2013 – சித்திக்குர் ரகுமான் (வங்காளதேசம்)
2014 – நடைபெறவில்லை
2015 – அனிர்பன் லாகிரி (இந்தியா)
2016 – எஸ். எஸ். பி. சௌராசியா (இந்தியா)
2017 – எஸ். எஸ். பி. சௌராசியா (இந்தியா)
2018 – மாட் வாலஸ் (இங்கிலாந்து)
2019 – ஸ்டீபன் கலாச்சர் (ஸ்காட்லாந்து)
2020–2022 – நடைபெறவில்லை
2023 – மார்சல் சீம் (செருமனி)
2024 – கெய்ட்டா நகாஜிமா (சப்பான்)
2025 – யூஜெனியோ சக்காரா (எசுப்பானியா)

சாதனைகளும் குறிப்புகளும்

மிகுதியான பட்டங்கள்: பீட்டர் தாம்சன், ஜோதி ரந்தாவா (தலா 3).

இருமுறை வென்றோர்: கென்ஜி ஹோசோயிஷி, கிரகாம் மார்ஷ், பிரையன் ஜோன்ஸ், அலி ஷேர், தாவோர்ன் விரட்சந்த், எஸ். எஸ். பி. சௌராசியா.

பட்டத்தைத் தக்கவைத்தோர்: ஹோசோயிஷி (1967, 1968), ரந்தாவா (2006, 2007), சௌராசியா (2016, 2017).

1964 முதல் 1990 வரை நடந்த 27 போட்டிகளில் இந்தியர் வென்றது ஒரே ஒரு முறை. 1991 முதல் 2025 வரை நடந்த 31 போட்டிகளில் 12 முறை வென்றனர். எனினும் இவற்றுள் கடைசி வெற்றி 2017 இல் கிடைத்ததாகும். அதன் பின் 2025 வரை நடந்த ஐந்து போட்டிகளிலும் வெளிநாட்டவரே வென்றனர்.

விரட்சந்த், இப்போட்டியை வென்ற 2005, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆசியச் சுற்றின் தரவரிசையில் முதலிடம் பெற்றார்.

ஆசியச் சுற்றின் தரவரிசையில் இருமுறை (2006, 2008) முதலிடம் பெற்ற ஜீவ் மில்கா சிங், இந்தியன் ஓப்பன் வாகையாளர் பட்டியலில் இடம்பெறவில்லை.

மகளிர் இந்தியன் ஓப்பன்

மகளிருக்கான இந்தியன் ஓப்பன் 2007 இல் தொடங்கப்பட்டது. முதல் போட்டியைத் தைவானின் யானி செங் வென்றார். தாய்லாந்தின் போர்னனோங் பட்லம் 2008, 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். 2016 இல் பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் தமது 18 ஆம் வயதில் வென்று, இப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்ற இவர், 2020 தோக்கியோ ஒலிம்பிக்கில் (2021 இல் நடைபெற்றது) நான்காம் இடம் பெற்றார்.

இவற்றையும் பார்க்கவும்

குழிப்பந்தாட்டம்
அர்ஜுனா விருது
அதிதி அசோக்
ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்