முடவாட்டுக்காலும் கைவிரல் மூட்டுநோயும்: சேர்வராயன் மலை வழக்கம் பற்றிய ஒரு விசாரணை

சேலம் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகிய சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக் கடைவீதியிலும் யாத்திரிகர்கள் கூடும் பிற இடங்களிலும், பழுப்பு நிற ரோமம் போர்த்த ஒரு கிழங்கு குவித்து விற்கப்படுவதையும், அதனை இடித்துப் போட்ட சூப் அருகிலேயே அடுப்பில் கொதிப்பதையும் அங்கே சென்றவர்கள் பலரும் கண்டிருப்பர். முடவாட்டுக்கால் என்று வழங்கும் அக்கிழங்கு கைகால் மூட்டுவலி அனைத்திற்கும் நிவாரணம் என்பது அம்மலையிலும் அடுத்துள்ள கொல்லிமலையிலும் நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கண்மூடி ஏற்பதும், நாட்டுப்புறத்தாரின் மூடப் பழக்கம் என்று தள்ளுவதும் ஒருங்கே எளிய காரியங்கள்; இரண்டும் நோயாளிக்குப் பயன்படா. கிழங்கு பலிக்குமா என்று வினவுவதற்கு முன்னர், வலிக்கின்ற கை எந்த நோய்க்கு உட்பட்ட கை என்று வினவவேண்டும் என்பதும், அந்த முதல் வினாவைத் தவறவிடுவதனாலேயே நல்லதொரு வழக்கம் சிலருக்குத் தீங்காக முடிகின்றது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

கிழங்கு என்று பெயர் பெற்றாலும், முடவாட்டுக்கால் மண்ணில் விளையும் கிழங்கன்று; மரங்களின் மீதும் பாறைகளின் மீதும் பற்றிப் படரும் ஒரு பெரணியின் சதைப்பற்றுள்ள தண்டு அது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர நூலில் பாலிப்போடியம் குவர்சிபோலியம் என்று பெயரிட்ட இப்பெரணியைப் பிற்காலத்தார் டிரைனேரியா என்னும் பேரினத்தில் சேர்த்தனர். இதற்கு இருவகை இலைகள் உண்டு: பச்சையாய் நீண்டு வித்துத்துகள் தாங்குவன ஒருவகை, அடியில் கிண்ணம்போல் குவிந்து, பழுத்துச் சருகான பின்னும் உதிராமல் நின்று, மேலிருந்து விழும் இலைதழைகளைத் தேக்கி மக்கச்செய்து செடிக்கு உரமாக்குவன மற்றொருவகை. மண்ணின் உதவியின்றிப் பாறையில் வாழ்கின்ற ஒரு செடி தன் உணவைத் தானே சேமித்துக்கொள்ளும் இவ்வேற்பாடு வியக்கத்தக்கது. எனினும் அவ்வாறு வாழும் செடி விரைந்து வளராது என்பதையும், ஒரு பாறையைச் சுரண்டி எடுத்த தண்டு மீண்டும் அந்த அளவுக்குப் படரப் பல ஆண்டுகள் செல்லும் என்பதையும் விற்போரும் வாங்குவோரும் எண்ணிப் பார்ப்பதாகத் தோன்றவில்லை.

இத்தண்டு தோற்றத்தில் ஆட்டின் காலை ஒத்திருப்பதனால் காலின் நோயைத் தீர்க்கும் என்று மக்கள் முதலில் கருதினர் போலும். உருவ ஒற்றுமையிலிருந்து மருந்தின் குணத்தை அனுமானிக்கும் இம்முறை உலகின் பல தேசங்களிலும் இருந்ததே. 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், குளிர்சுரம் தோன்றுகின்ற ஈரநிலத்திலேயே வில்லோ மரமும் வளர்வதால் நோய் தோன்றும் இடத்திலேயே மருந்தும் இருக்கும் என்ற அனுமானத்தின் துணைகொண்டு, அம்மரப்பட்டையைப் பொடித்துச் சுரமுற்றவர்களுக்குக் கொடுத்து, அதன் பலனை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவருடைய அனுமானம் பிழையானது, பட்டையோ பலித்தது. அப்பட்டையின் சாரம் ஆராயப்பட்ட வழியிலேதான் 1897இல் ஆஸ்பிரின் உருவாயிற்று. ஆகவே காரணம் தவறாயிருப்பதைக் கொண்டு மருந்தைத் தள்ளுதல் நியாயமன்று. பரிசோதனையின் முடிவே பிரமாணமாகும்.

அப்பரிசோதனைகள் முடவாட்டுக்காலுக்கும் ஓரளவு நடந்திருக்கின்றன. கடற்பாசியிலிருந்து எடுக்கும் கர்ராஜீனன் என்னும் பொருளை எலியின் பாதத்தில் செலுத்தி வீக்கம் உண்டாக்கி, பின்னர் இத்தண்டின் சத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வீக்கமும் வலியும் தணிந்ததாகக் கேரளத்துத் தாவர ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். இப்பெரணிக்கு நெருங்கிய உறவான மற்றோர் இனத்தைச் சீன வைத்தியர் எலும்பு முறிவுக்கு நெடுங்காலமாகப் பிரயோகித்து வருகின்றனர். அதிலுள்ள நரிஞ்சின் என்னும் பொருள் எலும்பை வளர்க்கும் அணுக்களைத் தூண்டுவதாக ஆய்வகங்களில் கண்டுள்ளனர். இவை அலட்சியம் செய்யத்தக்க செய்திகள் அல்ல. ஆனால் எலியின் பாதத்தில் சில மணி நேரத்தில் எழுந்து அடங்கும் வீக்கம் வேறு, ஒரு பெண்ணின் விரல்களில் ஆண்டுக்கணக்காய்க் குடிகொண்ட நோய் வேறு. ஆய்வகத்தில் அளந்து கொடுக்கும் செறிந்த சாரம் வேறு, நீரில் கொதித்து அளவின்றி ஊற்றப்படும் சூப் வேறு. ஓர் இனத்தின் குணத்தை அதன் உறவினத்தின் மீது ஏற்றிச் சொல்லுதலும் சாஸ்திரத்துக்கு ஒவ்வாது. சூப்பின் பெருமைக்கு இவற்றைச் சாட்சியாகக் கொண்டுவருவோர் இவ்வேறுபாடுகளை மறைத்துவிடுகின்றனர்.

அங்ஙனமாயின் சூப் குடித்தவர் வலி குறைந்தது என்று கூறுவது பொய்யா? பொய்யன்று. தண்டின் மேலுள்ள ரோமத்தையும் தோலையும் சீவி, சிறு துண்டுகளாக்கி நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் கூட்டிக் கொதிக்கவைத்து, பனி இறங்கும் மாலையில் சுடச்சுட இரு கைகளாலும் ஏந்திக் குடிக்கும்போது, உள்ளே செல்லும் உஷ்ணமும் ஏனத்தைப் பற்றிய விரல்களில் ஏறும் உஷ்ணமும் சேர்ந்து விறைப்பைத் தளர்த்துகின்றன. விறைத்த மூட்டுக்கு வெப்பம் இதமளிப்பது எல்லா வைத்திய முறைகளும் ஒப்புக்கொண்ட உண்மை. மேல்நாட்டு மருத்துவமனைகளில் உருக்கிய மெழுகில் கையைத் தோய்த்தெடுக்கும் சிகிச்சையும், நம் வீடுகளில் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும் ஒரே தத்துவத்தின் இருவேறு வடிவங்களே. அந்த இதம் சில மணி நேரமே நிற்பதாயினும், வலியால் உறங்காதவருக்குச் சில மணி நேர உறக்கம் அற்பமான பேறன்று. சூப்பைப் பழிப்போர் இதனை உணரவேண்டும்.

இனி எந்தக் கை என்னும் வினாவுக்கு வருவோம். விரல் மூட்டுகளில் வலியுண்டாக்கும் நோய்களில் பெரும்பாலும் காணப்படுவன இரண்டு. மூட்டுத் தேய்வு என்பது ஒன்று. நடுவயது கடந்தோரிடம், அதிலும் பெண்களிடம், நகத்தை அடுத்த கடைசிக் கணுவிலும் அதற்கு அடுத்த நடுக்கணுவிலும் கெட்டியான முண்டுகள் எழும்பி, கட்டைவிரலின் அடிமூட்டு நொந்து, காலையில் சிறிது நேரம் விறைத்திருந்து, அரை மணிக்குள் பெரும்பாலும் தளர்ந்துவிடுவது இதன் இயல்பு. கடைசிக் கணுவில் எழும் முண்டுகளை விவரித்த ஹெபர்டென் என்னும் ஆங்கில வைத்தியரின் நூல் அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1802இல் வெளிவந்தது. இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. மற்றொன்று முடக்குவாதம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உள்ளுறையைப் பகையாகக் கருதித் தாக்குவதனால் விளையும் இந்நோய், கடைசிக் கணுவை ஏறக்குறைய விட்டுவிட்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணுக்களையும் நடுக்கணுக்களையும் மணிக்கட்டையும், பெரும்பாலும் இரு கைகளிலும் ஒருங்கே பற்றுகின்றது. வீக்கம் கல்போல் கெட்டியாக இராமல் மெத்தென்றும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். களைப்பும் சோர்வும் உடன் வரும். 1800இல் லாண்ட்ரே-போவே என்னும் பிரெஞ்சு மாணவர் தம் ஆய்வேட்டிலே தனி நோயாக விவரித்த இதற்கு, 1859இல் காரட் என்பார் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். இவ்விரண்டும் ஒழிய, 2006இல் தமிழ்நாட்டைப் பெரிதும் வருத்திய சிக்குன்குனியா போன்ற சுரங்களுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் விரல்வலியும் உண்டு. அது முடக்குவாதம் போன்றே தோன்றி மருத்துவரையும் மயங்கவைக்கும்.

சேர்வராயன் மலையில் இவ்வேறுபாட்டை மறைக்கின்ற ஒரு திரை உண்டு; அது காப்பித் தோட்ட வேலை. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலையில் காப்பி புகுந்தது முதல், மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினரும் சமவெளியிலிருந்து வந்தோரும் அத்தோட்டங்களில் உழைத்து வருகின்றனர். பழுத்த பழம் பழுக்காத காயோடு ஒரே கொத்தில் நிற்பதால், நவம்பர் முதல் சனவரி வரை நீளும் பறிப்புக் காலத்தில் பெண்கள் சிவந்த பழத்தை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கவேண்டும். பனி நனைந்த இலைகளுக்கிடையே குளிர்ந்த கைகளோடு நாள் முழுதும் இதனையே செய்யவேண்டும். விரல்நுனிகளால் ஒன்றைக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் செலுத்தும் விசையைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு விசை கட்டைவிரலின் அடிமூட்டில் தாங்கப்படுவதாக 1977இல் கூனி, சாவோ என்னும் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். இத்தகைய வேலையில் கை நோவது இயல்பாகையால், முடக்குவாதத்தால் நொந்த கையும் வேலையால் நொந்ததென்றே எண்ணப்படுகின்றது. பறிப்பு முடிந்தால் சரியாகிவிடும் என்று சூப்பைக் குடித்துக் காத்திருக்கின்றனர்.

தேய்வுற்ற கையைப் பொறுத்தவரை அவ்வாறு காத்திருப்பதால் பெருங்கேடில்லை. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து இந்நாள் வரை எவ்வைத்தியத்திலும் இல்லை. நவீன மருத்துவமும் முதலில் சொல்வது வெப்பம், கைப்பயிற்சி, மூட்டின் மேல் தடவும் வலிநீக்கிக் களிம்பு, கட்டைவிரல் அடிமூட்டைத் தாங்கும் பட்டை ஆகியவற்றையே. ஒரு விரலால் தூக்குவதை இரு உள்ளங்கைகளால் தூக்குதல், கத்தி, கரண்டி, அரிவாள் இவற்றின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்குதல், பறித்த பழக்கூடையை விரல்களில் தொங்கவிடாமல் இடுப்பிலோ தோளிலோ தாங்குதல், மணிக்கு ஒருமுறையேனும் கையை விரித்து மடக்கி ஓய்வளித்தல் ஆகிய இவை காசு செலவில்லாத, ஆனால் மேஸ்திரியின் சம்மதம் வேண்டிய சிகிச்சைகள். கிழங்கு விற்பனைக்கு இருக்கும் கவனத்தில் ஒரு பங்கு இவற்றுக்குக் கிடைத்தால் எத்தனையோ கைகளின் வலி பாதியாகும் என்பது என் துணிபு.

முடக்குவாதக் கையின் கதை முற்றிலும் வேறு. அதில் காலமே மருந்தின் பாதி. நோய் தோன்றிய முதல் சில மாதங்களுக்குள் தகுந்த சிகிச்சை தொடங்கினால் மூட்டு அரிக்கப்படாமல் தடுக்கலாம். அரிக்கப்பட்ட எலும்பு மீள்வதில்லை, கோணிய விரல் மருந்தால் நிமிர்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மலிவான மாத்திரை, ஃபோலிக் அமிலத்தோடும் கால முறைப்படி இரத்தப் பரிசோதனையோடும் கொடுக்கப்படும்போது, இந்நோயின் போக்கையே மாற்றியிருக்கின்றது. கருவுற்ற பெண்ணுக்கு அது ஆகாது. வாரத்துக்கு ஒன்றை நாளுக்கு ஒன்றாக மயங்கி உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் மருத்துவர் கண்காணிப்பின்றி அதனைத் தொடலாகாது. மருந்தோடு கைப்பயிற்சியும் சேரும்போது கையின் செயல்திறன் மேலும் உயர்வதை 2015இல் லான்செட் இதழில் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு காட்டியது. இச்சிகிச்சை தேடுவோர்க்கு மலையடிவாரத்தில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது. ஒரு நாள் கூலியும், கொண்டை ஊசி வளைவுகளின் வழியே பஸ் பயணமும் செலவாகும் என்பது மெய்யே, ஆனால் காத்திருப்பதன் விலை அதனினும் பெரிது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. சூப்போடு நில்லாமல், வாதத்துக்குக் கைகண்டது என்று சொல்லி விற்கப்படும் பெயரற்ற பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது இந்நாட்டில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. 1948இல் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர் முடக்குவாதத்தால் படுக்கையிலிருந்த ஒரு பெண்ணுக்கு இவ்வினத்தைச் சேர்ந்த கார்டிசோனை முதன்முதலாகச் செலுத்தியபோது, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன்னரே முகம் உப்புதல், சர்க்கரை நோய், எலும்பு நலிவு முதலிய கேடுகள் வெளிப்பட்டன. அளவறிந்து மருத்துவர் கொடுக்கும்போது உபகாரமாகும் அப்பொருள், அறியாமல் உட்கொள்வோருக்கு வலியை மறைத்து நோயை உள்ளே வளரவிடுகின்றது. திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு இடர் தருகின்றது. முடவாட்டுக்கால் சூப்பின் கண்ணியத்தைக் காக்க விரும்புவோர் முதலில் எதிர்க்கவேண்டியது இப்பொடிகளையே.

நம் மரபே ஒரு கிழங்கை எல்லா வாதத்துக்கும் கூறியிருக்கிறதே என்று சிலர் வாதிடக்கூடும். உண்மை அவ்வாறில்லை. யூகி முனிவர் பெயரால் வழங்கும் சிந்தாமணி வாத நோயை மாத்திரம் 80 வகையாகப் பகுத்திருக்கின்றது. இன்றைய சித்த மருத்துவர் முடக்குவாதத்துக்கு நிகராகக் கருதும் உதிரவாத சுரோணிதத்தையும், தேய்வுக்கு நிகராகக் கருதும் அழல் கீல்வாயுவையும் வேறு வேறாகக் கண்டு வேறு வேறு மருந்து அளிக்கின்றனர். நாடியும் தேகமும் காலமும் பார்த்து மருந்து சொன்னதே அம்மரபின் சிறப்பு. வந்தவர் அனைவருக்கும் ஒரே கிண்ணத்தை நீட்டுவது அதற்கு முரணானது.

5,000 அடிக்கு மேல் உயர்ந்த சிகரத்தில், குறுகிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கும் கோயிலில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் திருவிழாவுக்கு மலையூர்கள் பலவற்றிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அக்கூட்டத்தில் ஒரு செவிலியர் அமர்ந்து, வருவோரின் இரு கைகளின் அடிக்கணுக்களையும் பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பார்த்து, வலிப்பவரிடம் காலை விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டு, சந்தேகமுள்ளவரைச் சேலத்துக்கு அனுப்பலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. ஆனால் டிசம்பர்ப் பறிப்பில் வீங்கத் தொடங்கிய கைக்கு மே மாதம் ஐந்தாம் மாதமாகிவிடும். ஆகையால் திருவிழாவுக்கு முன்பே, பறிப்பு முடிந்து கணக்குத் தீர்க்கும் பிப்ரவரியில், தோட்டங்களிலேயே அதே பரிசோதனையை ஒருமுறை நடத்தவேண்டும். வேலை நின்று சில வாரங்கள் சென்றும் அடங்காத வீக்கமே அப்போது ஐயத்துக்குரியது.