ஏரியின் மேல் ஒரு மனை

பெரிய வீடா, குறைந்த பயணமா என்ற கேள்வியை நம் தலைமுறைக்கே உரியதென்று எண்ணிக்கொள்கிறோம். சென்னையில் அதற்கு ஏறத்தாழ நூறு வயது.

1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. பழைய நகரின் நெரிசலில் வாழ்ந்தவர்களுக்கு, நான்கு புறமும் காற்று வரும் தனிமனை அங்கே சாத்தியமாயிற்று. ஆனால் உயர்நீதிமன்றமும் துறைமுகமும் பெரிய வணிக நிறுவனங்களும் கடற்கரைப் பக்கமே இருந்தன. இந்த இடைவெளியை இட்டு நிரப்பியது, 1931இல் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மீட்டர் கேஜ் மின்ரயில். அதன்பின் மாம்பலமும் பல்லாவரமும் எத்தனை மைல் என்று எவரும் கேட்கவில்லை. எத்தனை நிமிடம் என்றே கேட்டார்கள்.

அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004இல் விடைபெற்றன. மாம்பலம் இன்று நகரின் நடுப்பகுதி; புறநகரோ தாம்பரத்தையும் தாண்டிச் செங்கல்பட்டை நோக்கி நீள்கிறது. ரயில் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை நாம் வீட்டில் கழிக்கவில்லை. இன்னும் தொலைவில் ஒரு மனை வாங்கவே செலவிட்டோம். கூடுதலாக ஓர் அறை கட்டியவர், அதில் அமர நேரமின்றி விடியலில் ரயிலேறுகிறார். வீட்டின் விலையை எழுதும்போது அந்த மணிகளையும், தூர்ந்துபோன ஏரியையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மையான கணக்கு.