பதிவேட்டில் பிறந்த கப்பல்

வ.உ.சி. என்றதும் நம் நினைவுக்கு வருவது செக்கு, பதிவுப் பத்திரமன்று. 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது, 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்கீழ். தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்த முயற்சி, ஆங்கில அரசின் சட்டத்தையே துணைக்கொண்டது.

வழக்கறிஞரான வ.உ.சி. அச்சட்டத்தின் பயனை அறிந்திருந்தார். பதிவான கம்பெனி சட்டத்தின் பார்வையில் தனியொரு ஆள். நட்டம் வந்தாலும் பங்குதாரர் இழப்பது பங்குத்தொகையை மட்டுமே. ஆகவேதான் எளியவர்களின் சிறுசேமிப்பையும் கேட்க முடிந்தது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. போட்டி நிறுவனம் கட்டணத்தை வெட்டிச் சாய்த்தது.

மனிதர் போனாலும் கம்பெனி நிலைக்கும் என்கிறது சட்டம். ஆனால் 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபின் கம்பெனி தளர்ந்தது; 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கப்பல்கள் கைமாறியிருந்தன. பதிவேடு ஒரு நிறுவனத்துக்குப் பெயர் தரும். உயிரை மனிதர்களே தர வேண்டியிருக்கிறது என்பதை நாம் இங்கே காண்கிறோம்.