பாலைவனத்து எலிகளும் சுண்டெலிகளும்

பேசில் டியர்டன், மைக்கேல் ரெல்ஃப் ஜோடியின் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 1959-ல் வந்த 'சஃபையர்' லண்டனின் நிறவெறியைப் பேசிய படம், பிரிட்டனின் சிறந்த படம் என்று பாஃப்டா வாங்கியது. 1961-ன் 'விக்டிம்' ஓரினச்சேர்க்கை அங்கே சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், அந்தச் சட்டத்தையே கேள்வி கேட்டது. இரண்டும் கனமான படங்கள். ஆனால் 'சஃபையர்' வந்த அதே 1959-ல் இவர்கள் ஒரு அசட்டுக் காமெடியும் எடுத்திருக்கிறார்கள். பேர் 'டெசர்ட் மைஸ்'. வழக்கமாக டியர்டன் இயக்குவார், ரெல்ஃப் தயாரிப்பார். இதில் உல்ட்டா. ரெல்ஃப் இயக்கம், டியர்டன் தயாரிப்பு.

தலைப்பே ஒரு ஜோக்தான். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ரோமலோடு மோதிய பிரிட்டிஷ் 7-வது கவச டிவிஷனுக்கு 'டெசர்ட் ராட்ஸ்', பாலைவன எலிகள் என்று பட்டப்பெயர். அவங்க எலி என்றால், அவங்களுக்கு ஆடிப் பாடிக் காட்டப் போன கலைக்குழு சுண்டெலி. அவ்வளவுதான் தலைப்பு.

கதையும் பெரிசா ஒண்ணும் இல்லை. திறமை கொஞ்சம் கம்மியான ஒரு கேளிக்கைக் குழு பாலைவனத்துக்கு அனுப்பப்படுகிறது. இவர்களைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு மேஜர் போஸ்கெட் என்ற அதிகாரியின் தலையில் விழுகிறது (ஆல்ஃபிரட் மார்க்ஸ்). சிட் ஜேம்ஸ், டோரா பிரையன், ஐரீன் ஹாண்டில், டிக் பென்ட்லி என்று அந்தக் காலத்து ரேடியோ, மேடை முகங்கள் நிறைய. கடைசியில் ஜெர்மானியர்களின் சதி ஒன்று இவர்கள் கையில் சிக்கி முறியடிக்கப்படுகிறது. அந்த சதிப் பகுதி வந்ததும் படம் படுத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். நம்ம ஊர்ப் படங்களில் கிளைமாக்ஸுக்காக ஒரு கடத்தல்காரன் திடீரென்று வருவான் இல்லையா, அந்த மாதிரி.

அப்புறம் எதுக்கு இதைப் பற்றி ஒரு பதிவு? தயாரிப்பாளர் பேருக்காக.

பேசில் டியர்டனின் இயற்பெயர் பேசில் டியர். இளம் வயதில் நாடகக் கம்பெனியில் மேடை நிர்வாகியாக வேலை பார்த்தார். அங்கே முதலாளி பேர் பேசில் டீன். டீன், டியர், இரண்டு பேரும் பேசில். கடிதம் மாறிப்போகும், கூப்பிட்டால் யார் திரும்புவது என்று குழப்பம். முதலாளி பேரை மாற்ற மாட்டார். அதனால் உதவியாளர் தன் பேருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டு 'டியர்டன்' ஆனார். வாழ்நாள் முழுக்க அந்தப் பேர்தான்.

அந்த முதலாளி டீன்தான், இந்தப் படம் கிண்டல் பண்ணும் அமைப்பை உருவாக்கியவர். அதாவது, யாரால் தன் பேரையே மாற்றிக்கொண்டாரோ, அவருடைய போர்க்காலச் சாதனையைப் பற்றிய ஒரு காமெடியைத் தயாரித்திருக்கிறார் டியர்டன். 1959-ல் டீன் உயிரோடுதான் இருந்தார், எழுபது வயதைத் தாண்டியிருந்தது. மூன்று வருஷம் முன்னால்தான் 'தியேட்டர் அட் வார்' என்று அந்த அமைப்பின் கதையைத் தானே புத்தகமாக எழுதியிருந்தார்.

இது பழிவாங்கலா, பாசமா? இந்தக் கேள்விக்காகத்தான் படத்தை இரண்டாவது தடவை பார்த்தேன்.

அமைப்பின் பேர் என்சா. விரிவாக, என்டர்டெய்ன்மென்ட்ஸ் நேஷனல் சர்வீஸ் அசோசியேஷன். போர்முனையிலும் முகாம்களிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கலைநிகழ்ச்சி நடத்துவது வேலை. சிப்பாய்கள் அந்த நான்கு எழுத்துக்கு வேற விரிவு வைத்திருந்தார்கள்: எவ்ரி நைட் சம்திங் ஆஃபுல். தினம் ராத்திரி ஏதோ ஒரு கண்றாவி!

டீனுக்கு இது புது யோசனை இல்லை. முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தபோதே முகாமுக்குள் நாடகக் கொட்டகை நடத்தியவர். 1917-ல் ராணுவ கேன்டீன் நிர்வாகத்தில் கேளிக்கைப் பிரிவுக்குத் தலைவர். போர் முடிந்து நாடகம், பிறகு சினிமா. லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங் ஸ்டுடியோவைக் கட்டியது அவருடைய கம்பெனி. மில் தொழிலாளர் குடும்பத்துப் பாடகி கிரேஸி ஃபீல்ட்ஸையும், யுகுலேலியோடு அசட்டுச் சிரிப்பு சிரிக்கும் ஜார்ஜ் ஃபார்ம்பியையும் சினிமா நட்சத்திரமாக்கியதில் பெரும் பங்கு அவருக்கு. 1938-ல் ஸ்டுடியோவை விட்டு வெளியேற வேண்டி வந்தது, அந்த இடத்துக்கு மைக்கேல் பால்கன் வந்தார். டியர்டன் ஈலிங்கிலேயே தங்கிவிட்டார்.

அடுத்த வருஷமே போர். நகைச்சுவை நடிகர் லெஸ்லி ஹென்சனோடு சேர்ந்து டீன் என்சாவை ஆரம்பித்தார். தலைமையகம், லண்டனின் புகழ்பெற்ற ட்ரூரி லேன் தியேட்டர் ராயல். பணம், நிர்வாகம் எல்லாம் ராணுவ கேன்டீன் அமைப்பான நாஃபி வழியாக. 1939 அக்டோபர் 17-ம் தேதி ஹெண்டன் விமானப்படைத் தளத்தில் நடந்த முதல் பெரிய கச்சேரியை பிபிசி ஒலிபரப்பியது. ஒரு வருஷம் கழித்து ட்ரூரி லேன் மேலேயே குண்டு விழுந்தது. இடிந்த அரங்கத்தைச் சுற்றி இருந்த அறைகளில் வேலை தொடர்ந்தது.

கலைஞர்களுக்குச் சீருடை உண்டு. டான்ஸ் ஆடும் பெண்ணுக்கு எதற்குக் காக்கி என்றால், எதிரியிடம் பிடிபட்டால் உளவாளி என்று சுடாமல் போர்க் கைதியாக நடத்த வேண்டும் என்பதற்காக. இந்த நடைமுறை காரணத்தைப் படித்த பிறகு, மேடைக்கலைஞர்கள் மிலிட்டரி டிரஸ்ஸில் தடுமாறும் காட்சிகளில் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது.

சரி, நிகழ்ச்சி ஏன் கண்றாவியாக இருந்தது? எங்க துறையில் 'ஸ்கேல்' ஆகும்போது தரம் அடிவாங்கும் என்று அடிக்கடி பேசுவோம். பத்து பேர் டீம் அருமையாக இருக்கும், ஐநூறு பேர் ஆனதும் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்றே தெரியாது. என்சாவுக்கு நடந்தது அதுதான். ஐஸ்லாந்திலிருந்து பர்மா வரை படை சிதறிக் கிடக்கிறது. எல்லா முகாமுக்கும் ஆள் வேணும். நல்ல இளம் கலைஞர்களோ ராணுவத்திலேயே ஆள்சேர்ப்பில் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் வயதானவர்கள், கடற்கரை ஊர்களில் கோடைக்கால ஷோ நடத்திக்கொண்டிருந்தவர்கள், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எல்லாம் உண்டு. பெரிய ராணுவ அரங்குக்குப் பெரிய குழு போகும். ஒதுக்குப்புறமான பீரங்கி நிலைக்கு லாரியில் நாலைந்து பேர், சுதி போன ஒரு பியானோ. லாரியின் பக்கவாட்டுப் பலகையை இறக்கினால் அதுதான் மேடை.

நட்சத்திரங்களும் போனார்கள். 1943-ல் 'ஸ்பிரிங் பார்ட்டி' என்ற குழுவில் விவியன் லீ வட ஆப்பிரிக்காவைச் சுற்றினார். 'கான் வித் தி விண்ட்' வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, உலகமே அறிந்த முகம். 1944-ல் வேரா லின் வங்காளம் வழியாக பர்மா போர்முனைக்கே போய்ப் பாடினார். ஃபார்ம்பி மொத்தம் 30 லட்சம் படைவீரர்கள் முன் பாடியிருப்பார் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஆனால் விவியன் லீ ஒருத்தர்தான். ஒரு சாதாரண சிப்பாய்க்கு வாய்த்தது பெரும்பாலும் அந்த லாரிக் குழுதான்.

டெசர்ட் மைஸ் எடுத்துக்கொண்டது இந்த லாரிக் குழுவின் கதையை. அங்கேதான் படம் எனக்குப் பிடித்துப்போனது. இவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று படம் ஒளிக்கவே இல்லை. ஆனாலும் வந்து நிற்கிறார்கள், வெயிலில், மணலில். கிண்டல் பண்ணிக்கொண்டே எதிரே உட்கார்ந்து பார்க்கவும் சிப்பாய்கள் இருக்கிறார்கள். அந்தக் கிண்டலும் நிகழ்ச்சியில் பாதி. சுதி சேராத பாடகியைப் பற்றி அடுத்த நாள் முழுக்கப் பேசிச் சிரிக்கலாம். பாலைவனத்தில் பேசுவதற்கு வேற என்ன இருந்தது?

இன்னொன்று, இந்தப் படத்தில் இருந்தவர்கள் வெளியிலிருந்து கிண்டல் பண்ணவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த சிட் ஜேம்ஸ், போரின்போது தென்னாப்பிரிக்க ராணுவத்தின் கேளிக்கைப் பிரிவில் லெஃப்டினன்ட். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் நடிப்பே தொழில் என்று 1946-ல் லண்டன் வந்தார். ஜெர்மானியராக நடிக்கும் மேரியஸ் கோரிங் அசல் ஆங்கிலேயர், ஜெர்மன் சரளமாகப் பேசுவார். போர்க்காலத்தில் ஜெர்மனிக்கான பிபிசி ஒலிபரப்பில் பொறுப்பில் இருந்தார். ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங்கோடு பேர் மோதியதால், வேலைக்காக சார்லஸ் ரிச்சர்ட்சன் என்று புனைபெயர். பேர் மாற்றியவர் கணக்கில் இந்தப் படத்துக்கு இரண்டு பேர்!

டியர்டனும் அப்படித்தான். 1940-ல் ஃபார்ம்பி நடித்த 'லெட் ஜார்ஜ் டூ இட்' படத்தின் திரைக்கதையில் அவர் பங்கு உண்டு. டீன் வளர்த்த ஃபார்ம்பி, டீன் கட்டிய ஸ்டுடியோ. டீன் கடுமையான மனிதர், நடிகர்களை அழவைப்பார் என்று பேர் உண்டு. அவரிடம் வேலை பார்த்த ஒருவர், இருபது வருஷம் கழித்து அவரைச் சந்தி சிரிக்க வைத்திருக்கலாம். படத்தில் அது நடக்கவில்லை. சிரிப்பு விழுவது ராணுவத்தின் மேல், மணலின் மேல், குழுவின் வறட்டு ஜம்பத்தின் மேல். அந்தக் குழு அங்கே இருந்தது வீண் என்று ஒரு இடத்தில்கூடத் தோன்றவில்லை. பழிவாங்கல் இல்லை என்று நான் முடிவுக்கு வந்தது அதனால்தான்.

பார்வையாளர்களையும் யோசிக்கணும். 1959-ல் பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை இன்னும் முடியவில்லை. முந்தைய வருஷம்தான் 'கேரி ஆன் சார்ஜென்ட்' வந்து பட்டையைக் கிளப்பியிருந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்த நாற்பது வயது ஆண்களில் பலர் நிஜமாகவே ஒரு என்சா நிகழ்ச்சியில் மணல்மேல் உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் பார்க்கும் நமக்குப் பாதி ஜோக் பிடிபடாமல் போவதற்கும் அதுவே காரணம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதே வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் 4-வது இந்திய டிவிஷன் இருந்தது. 1940 டிசம்பரில் சிடி பரானியில் இத்தாலியர்களை முறியடித்தது, 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது இவர்களிடம்தான். அந்த டிவிஷனின் பொறியாளர் படையில் மதராஸ் சாப்பர்ஸின் 12-வது ஃபீல்டு கம்பெனியும் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் உண்டு. கண்ணிவெடி அகற்றுவது, ரோடு போடுவது எல்லாம் நம்ம ஊர் ஆட்கள். பின்னால் 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கண்ணிவெடிமேல் பாய்ந்து தன் உடலால் மூடி மற்றவர்களைக் காப்பாற்றி இறந்து ஜார்ஜ் கிராஸ் வாங்கிய சுபேதார் சுப்ரமணியன் அந்த 11-வது கம்பெனிக்காரர்தான். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அவர்களுடைய மையத்தைத் தாண்டித்தான் பல வருஷம் ஆபீஸ் போனேன், அப்போது இதெல்லாம் தெரியாது.

ஆங்கிலேயக் காமெடியன் லாரிமேல் நின்று மாமியார் ஜோக் சொன்னால் ஆற்காட்டுப் பக்கத்து சாப்பருக்கு என்ன புரிந்திருக்கும்? இந்தியப் படைவீரர்களுக்கு என்று தனியாக ஓர் அமைப்பு இருந்தது, 'ஃபௌஜி தில்குஷ் சபா'. பேரே ஹிந்துஸ்தானி, படைக்காரன் மனசைக் குளிரவைக்கும் சபை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியக் கலைஞர்களைக் கொண்ட குழுக்களை அனுப்பி ஆட்டம், பாட்டு, நையாண்டி எல்லாம் நடத்தினார்கள்.

ஒரு ஹிந்துஸ்தானிக் குழு வழி தவறி மதராஸ் சாப்பர்கள் முகாமில் இறங்குகிறது. கலைஞர்களுக்குத் தமிழ் தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஹவில்தாருக்கு பாகவதர் பாட்டுதான் வேணும். மேஜருக்கு இரண்டுமே புரியாது. யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.