உறையூர் மல்லனும் பொன்னாச்சியும்: ஒரு காதல் கதை கடந்து வந்த வழி

காவிரிக்கரையில் திருவிழாக் கூட்டம். உச்சி வெயில். ஒரு பெண் நடந்து போகிறாள். அவள் முகத்தில் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு ஒரு மல்லன் உடன் போகிறான். ஊர் சிரிக்கிறது. அவன் பார்வை அவள் கண்களை விட்டு நகரவே இல்லை. திருவரங்கத்து மடத்தின் தலைவர் இராமானுசர் அவனை அழைத்து, நாலு பேர் நடுவில் இப்படிச் செய்ய வெட்கமில்லையா என்று கேட்கிறார். இந்தக் கண்களுக்கு ஈடான கண்கள் உலகில் இல்லை என்பது அவன் பதில். இதைவிட அழகிய கண்களைக் காட்டினால்? அவற்றுக்கே அடிமையாகிறேன் என்கிறான். அன்றே பெரிய பெருமாள் சந்நிதிக்கு அழைத்துப் போகப்படுகிறான். பள்ளிகொண்ட அரங்கனின் கண்களைக் கண்டவன் அதன்பின் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. உறையூரை விட்டு, ஆற்றைக் கடந்து, மனைவியோடு திருவரங்கத்தில் குடியேறுகிறான்.

பிள்ளை உறங்காவில்லி தாசர், பொன்னாச்சியார் என்று வைணவ மரபு போற்றும் இணையின் கதை இது. வீரனின் காதலைச் சொல்லும் கதைகள் தமிழில் நிறைய உண்டு. பெரும்பாலும் அவை கொலையிலோ பிரிவிலோ முடியும். இங்கே காதலும் அழியவில்லை, காதலியும் கைவிடப்படவில்லை. காதலன் பார்வை மட்டும் வேறிடம் திரும்புகிறது, அவளும் கூடவே வருகிறாள். ஏறத்தாழ அதே காலத்தில் தென்பிரான்சில் துரூபதூர் கவிஞர்கள் சீமாட்டியின் அழகையே வணக்கத்துக்குரியதாக்கிப் பாடிக்கொண்டிருந்தார்கள். உறையூர்க் கதையோ அந்த வணக்கத்தைக் கோயில் கருவறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நூல்களில் கதை

மரபுக் கணக்கில் இராமானுசரின் காலம் 1017 முதல் 1137 வரை. தாசரின் கதையைச் சொல்லும் ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம், வைணவ ஆசாரியர் நம்பிள்ளையின் சீடரான பின்பழகிய பெருமாள் ஜீயர், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் எழுதியது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் இடைவெளி. அவ்வளவு காலமும் கதை மடங்களிலும் திருவீதிகளிலும் வாய்மொழியாக வளர்ந்திருக்க வேண்டும். பின்னால் எழுந்த வடமொழி நூலான பிரபந்நாம்ருதம் இருவரையும் தனுர்தாசன், ஹேமாம்பா என்று வடமொழிப் பெயர்களில் சொல்கிறது.

கண்களில் தொடங்கும் பக்திக்கு உறையூரில் முன்கதை உண்டு. அங்கே பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வாரின் பத்துப் பாடல்கள் அரங்கனின் திருமேனியை அடி முதல் முடி வரை பார்த்துப் பாடுபவை. அந்த ஊர்க்காரன் ஒருவன் பெருமாள் கண்ணில் சிக்கினான் என்றால் திருவரங்கத்தில் கேட்டவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்காது.

தோளும் நகையும்

காதல் கதை விரைவில் சாதி பற்றிய வழக்காக மாறியது. இராமானுசர் காவிரியில் நீராடப் போகும்போது அந்தணச் சீடரான முதலியாண்டானைப் பற்றிக்கொண்டு போவார். நீராடித் திரும்பும்போது நான்காம் வருணத்தவரான உறங்காவில்லியின் தோளில் கை வைத்து வருவார். தீட்டுப் பார்க்கிற சமூகத்தில் இந்த வரிசை தலைகீழ். சீடர்கள் முணுமுணுத்தார்கள்.

அதற்கு விடையாக இராமானுசர் வைத்த சோதனையைக் குருபரம்பரை விரிவாகவே சொல்கிறது. ஓரிரவு, உலரப்போட்டிருந்த சீடர்களின் துணிகளில் சிறிது சிறிது கிழித்துவிடச் செய்கிறார். காலையில் கந்தல் துண்டுக்காக மடத்தில் பெரும் சண்டை. அடுத்து அதே சீடர்களை அனுப்பி, உறங்குகிற பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றி வரச் சொல்கிறார். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றியதும், மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் திரும்பிப் படுக்கிறாள். விழித்துவிட்டாள் என்று பயந்து வந்தவர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். வீடு திரும்பிய தாசர் நடந்ததைக் கேட்டு வருந்துகிறார். 'என் நகை, நான் கொடுக்கிறேன்' என்ற நினைப்பு உனக்கு ஏன் வந்தது, அசையாமல் கிடந்திருக்கக் கூடாதா என்பது அவர் கேள்வி. அவரைப் பின்தொடர்ந்து வந்து ஒளிந்திருந்து கேட்ட சீடர்கள் அதை மடத்தில் சொல்ல, யார் உயர்ந்தவர் என்று இராமானுசர் கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த தலைமுறைகள் இதை ஒரு நெறியாகவே வைத்துக்கொண்டன. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரின் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில், பிறப்பைவிட இறைவனுக்கு அடிமையாயிருப்பதே பெரிது என்பதற்கு முன்னோர் நடத்தைகளைச் சான்றாக அடுக்குகிறார். அந்நூலுக்கு மணவாள மாமுனிகள் (1370–1443) எழுதிய உரையில், நீராடியபின் உறங்காவில்லியைத் தொட்டதே உடலுக்குத் தூய்மை என்ற பொருளில் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது.

படைவீரனின் வாள்

தாசர் வாளைக் கீழே வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரங்கனின் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளின் புறப்பாட்டில் உருவிய வாளோடு முன்னே நடப்பாராம். பெருமாளுக்குச் சிறு தீங்கு நேர்ந்தாலும் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் முடிவோடு. சோழர் காலத்து வாசகருக்கு இது பழக்கமான படிமம். அரசனுக்காக உயிர் விடச் சூளுரைத்த வேளைக்காரப் படைகளின் பெயர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காணலாம். இலங்கையின் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கப் பொறுப்பேற்ற வேளைக்காரரின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் உள்ளது. அரசனுக்கு உரிய விசுவாசம் தெய்வத்துக்கு மாறுவது அன்றைய படைவாழ்வில் நடந்த ஒன்றுதான். தாசரின் மருமக்கள் வண்டர், சொண்டர் என்போரும் அரசனோடு திரிந்தவர்களாகவே வருகிறார்கள். இராமானுசரின் சீடரான சோழத் தலைவர் அகளங்க நாட்டாழ்வானையும் மரபு குறிப்பிடுகிறது. திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் ஒன்று அகளங்கன் பெயரால் வழங்குகிறது. அகளங்கன் என்பது விக்கிரம சோழனின் (1118–1135) விருதுப் பெயருமாகும்.

இராமானுசரின் ஆயிரமாவது ஆண்டு 2017இல் கொண்டாடப்பட்டபோது, சாதி மறுப்புக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் முன்னுக்கு வந்தது தோளில் கைவைத்த நிகழ்ச்சிதான். நூல்களைப் புரட்டினால் பொன்னாச்சியின் பங்கு அதற்குக் குறைந்ததல்ல. வெயிலில் குடைக்குக் கீழே நடந்தபோது அவளுக்கு வசனம் இல்லை. நகைக் கதையிலோ சோதனை முழுவதும் அவள் படுக்கையில்தான் நடக்கிறது, முடிவெடுப்பவளும் அவளே. தாசரின் இறுதி ஊர்வலம் கண்ணுக்கு மறையும் வரை பார்த்திருந்து அவளும் உயிர் நீத்தாள் என்று கதையை முடிக்கிற மரபு, அவளைப் பொன்னாச்சியார் என்று மரியாதைப் பன்மையில்தான் குறிக்கிறது.