அளவைக்காரரும் ஆசிரியரும்: சென்னையில் நில அளவைக் கல்வி, 1794 முதல்

கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்வது 1794. அந்த ஆண்டில் கிண்டியில் கல்லூரி இல்லை. பொறியியல் என்றொரு படிப்பும் இந்தியாவில் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி எட்டு மாணவர்களோடு தொடங்கியது ஒரு நில அளவைப் பள்ளி மட்டுமே. இன்று அந்தக் கல்லூரி இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனம் இயங்குகிறது. புவித் தகவலியலில் பட்டமும் முனைவர் ஆய்வும் உண்டு. இந்த இரண்டு முனைகளையும் ஒரே கோட்டால் இணைத்துப் பெருமைப்படுவது விழா மலர்களின் வழக்கம். நடந்தது அவ்வளவு நேரானதல்ல. நிலத்தை அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதில் அரசுக்கு 1794-லேயே ஐயமில்லை. அளவையை ஆராய்வதே தொழில் என்று ஒருவர் பல்கலைக்கழகத்தில் உட்கார இன்னும் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இராசராசன் காலத்து நில அளவையும் பதினாறு சாண் கோலும் இந்தக் கதைக்குள் வரமாட்டா. அவை தனி ஆய்வுக்குரியவை. கோட்டைப் பள்ளியின் பாடத்துக்கும் அவற்றுக்கும் தொடர்ச்சி இல்லை. பள்ளியின் வேர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய்க் கணக்கில் இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமை கம்பெனி வசம் வந்த பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராகச் சென்று அதை அளந்தார். அடுத்து வடக்கே கிருஷ்ணா, கோதாவரி நீரைப் பாசனத்துக்குத் திருப்ப முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அதைப் பார்க்க அனுப்பப்பட்டவர் மைக்கேல் டாப்பிங். கடற்கரை அளவையில் தேர்ந்தவர். சென்னை வானாய்வகத்தை 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டியவரும் அவரே. ஐரோப்பாவிலிருந்து அளவையாளர்களை வரவழைத்தால் செலவு அதிகம், வெயிலில் தாக்குப்பிடிப்பவர் குறைவு. ஆகவே எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்துப் பையன்களைப் பழக்கினால் குறைந்த சம்பளத்தில் வேலை முடியும் என்று அவர் கணக்கிட்டார். அந்த இல்லத்தை அப்போது நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘சென்னை முறை’ என்று பின்னால் இங்கிலாந்தில் பேர்பெற்ற கல்விமுறை அங்கே உருவானது. சர்வே வகுப்புக்குள் நுழைந்த பையன்கள் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். டாப்பிங் 1796-ல் மசூலிப்பட்டினத்தில் இறந்துபோனார்.

பள்ளியை நடத்தியவர் ஜான் கோல்டிங்ஹாம். வானாய்வகத்தின் வானியலாளரும் அவரே. கோட்டையிலும் பரங்கிமலையிலும் வேளை தவறாமல் சுடும் பீரங்கிகளை அவர் ஒலியின் வேகத்தை அளக்கப் பயன்படுத்திக்கொண்டார். வெடியின் ஒளி தெரிந்த நொடிக்கும் சத்தம் வந்து சேர்ந்த நொடிக்கும் இடையிலான நேரத்தைக் குறித்து, அன்றைய வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். முடிவுகள் 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. சென்னையில் அளவை கற்பித்தவர்களில் ஆய்வுக் கட்டுரை எழுதிய முதல் தலைமுறை ஆள் இவர்தான் எனலாம். ஆனால் அந்தப் பெயர் வானாய்வகத்தின் கணக்கில் சேர்ந்ததே தவிரப் பள்ளியின் கணக்கில் சேரவில்லை. ஆராய்ச்சி நுங்கம்பாக்கத்தில், பயிற்சி கோட்டையில் என்று அப்போதே பிரிந்துவிட்டது.

இந்தப் பிரிவினையின் மறுபக்கத்தைக் காட்டுபவர் ஜோஷுவா டி பெனிங். பள்ளியில் படித்த பையன். வில்லியம் லாம்டனின் பெரும் முக்கோண அளவையில் உதவியாளராகச் சேர்ந்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி, நூறடி எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் எஃகு நீளும்; அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு கிடத்தலுக்கும் நீளத்தைத் திருத்தினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துக்கு ஏற்றும்போது அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் இருந்தே அதன் வட்டத்தைத் தட்டி நிமிர்த்தினார். 1823-ல் அவர் இறந்த பிறகும் டி பெனிங்கின் உழைப்பு நிற்கவில்லை. லாம்டனுக்குப் பின் அளவைக்குத் தலைமையேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் அவரைக் கல்கத்தாவின் கணக்கீட்டு அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார். கோடிக்கணக்கான ஏக்கரை வரைபடமாக்கிய கணக்கு அவர் போன்றோர் கையால் நடந்தது. அந்தக் கணக்கை வெளியிட்ட நூலின் அட்டையில் எவரெஸ்ட் பெயர் இருக்கிறது. பள்ளி தயாரித்த மிகச் சிறந்த மாணவர் எட்டிப்பிடித்த உச்சம் இவ்வளவுதான் என்பதைக் கல்வி வரலாறு எழுதுவோர் தாண்டிப்போகக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளியின் பெயரும் பொறுப்பும் மாறிக்கொண்டே வந்தன. 1858-ல் அது குடிசார் பொறியியல் பள்ளி, அடுத்த ஆண்டே கல்லூரி. சேப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குக் குடிபோனது 1920-ல். பேர் உயர உயர அளவை கீழே இறங்கியது: பள்ளியாக இருந்தபோது அதுவே முழுப் பாடம், கல்லூரியானதும் கட்டடம், பாலம், பாசனம் ஆகியவற்றுக்கு முன்னால் வரும் ஒரு தாள். சிவில் படித்த யாரைக் கேட்டாலும் சர்வே கேம்ப் நினைவிருக்கும். ரேஞ்சிங் ராடு பிடித்துக் கால் கடுக்க நிற்பது, லெவல் ஸ்டாஃப் தலைகீழாகத் தெரியும் தொலைநோக்கிக்குள் மில்லிமீட்டர் படிப்பது, மாலையில் சுற்றுக்கோடு கட்டி வந்த இடத்திலேயே முடிகிறதா என்று பார்ப்பது. முடியாது. அந்த இடைவெளிக்குக் குளோசிங் எரர் என்று பெயர். பௌடிட்ச் விதிப்படி கோடுகளின் நீளத்துக்குத் தக்கபடி பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். பல அணிகளின் ஃபீல்டு புக்கில் பிழை சந்தேகப்படும்படி குறைவாக இருந்ததற்குக் காரணம் விடுதி அறையில் இரவு நடந்த ‘திருத்தம்’ என்பது ஆசிரியருக்கும் தெரியும். எப்படிப் பங்கிடுவது என்று கற்பித்தார்கள். பிழை ஏன் இப்படிப் பிறக்கிறது, இந்த விதி எந்த நிலத்துக்குப் பொருந்தாது என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை.

இதற்குப் பாடத்திட்டத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. ஆராய்வதற்கு வேண்டிய தரவு அரசின் பூட்டுக்குள் இருந்தது. நிலவரைபடத் தாள்களை வெளியிட்டது இந்திய நில அளவைத் துறை. கடற்கரையையும் நாட்டு எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் தாள்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. சென்னை கடற்கரை ஊர். ஆக, சென்னையில் உட்கார்ந்த பேராசிரியருக்குத் தன் ஊரின் தாளே எளிதில் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் காட்டும் புலப்படங்கள் வருவாய்த் துறையின் அலமாரியில் இருந்தன. பயிற்சியையும் துறைகளே வைத்துக்கொண்டன; 1967-ல் ஐதராபாத்தில் நில அளவைத் துறை தனக்கென ஒரு பயிற்சி நிலையத்தைத் திறந்தது. பல்கலைக்கழகத்துக்கு எஞ்சியது கற்பிக்கும் வேலை.

பூட்டை உடைத்தது நிலத்தில் நின்றவர் யாரும் அல்ல, வானத்திலிருந்து வந்த படம். டச்சுக்காரர்களின் துணையோடு 1966-ல் டேராடூனில் வான்படப் பகுப்பாய்வுக்கென ஒரு நிறுவனம் உருவானது. 1970-ல் பிஷாரத் ராம பிஷாரடி குழுவினர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, கேரளத் தென்னையில் வேர்வாடல் நோயை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். 1972-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் லேண்ட்சாட் பறந்தது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக, நான்கே ஆண்டுகளில் அங்கே தொலையுணர்வு மையம் வந்தது. இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17-ல் ஏவப்பட்டது. செயற்கைக்கோள் படத்தை விலைகொடுத்து வாங்கலாம். நிலவரைபடத்துக்குக் கேட்ட அனுமதி அதற்குக் கேட்கவில்லை. நிலத்தை ஆராயப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த முதல் சொந்தத் தரவு அதுவே. அளவை ஆசிரியர் வழிகாட்டி ஆனார்; ஆய்வு மாணவர் வந்தார்.

வெளிநாட்டில் இதே காலத்தில் வேறொரு வாதம் ஓடியது. கனடாவில் ரோஜர் டாம்லின்சன் 1960-களில் கட்டிய கணினி அமைப்பு, வனமும் வயலும் எவ்வளவு என்று கணக்கெடுக்கப் பிறந்த கருவி. மைக்கேல் குட்சைல்ட் 1992-ல் எழுதிய கட்டுரையில், இந்தக் கருவியைச் சுற்றி எழும் கேள்விகள் தனி அறிவியல் ஆகத் தகுதியானவை என்றார். கருவியா அறிவியலா என்ற சண்டை அந்தப் பத்தாண்டு முழுக்க நீண்டது. நம் ஊரில் அது பெரிதாக நடக்கவே இல்லை. மென்பொருள் தெரிந்தவனுக்கு வேலை உண்டு என்பது விடையாகிவிட்டதால் கேள்வி கேட்க நேரமில்லாமல் போயிற்று என்பது என் எண்ணம்.

ஆனாலும் கேள்வி பின்வாசல் வழியாக நுழைந்தது. பழைய நிலவரைபடத் தாளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி, அதன்மேல் ஜி.பி.எஸ். புள்ளியை வைத்தால், சென்னைப் பகுதியில் அந்தப் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். தாள், பூமியின் வடிவத்தைக் குறிக்கும் எவரெஸ்ட் நீள்கோளத்தை நம்பி வரையப்பட்டது: அரைப் பேரச்சு 6377276.345 மீட்டர். ஜி.பி.எஸ். நம்பும் டபிள்யூ.ஜி.எஸ்.-84-ல் அது 6378137 மீட்டர். கோளத்தின் மையமும் வேறு. முதல் எண் 1830-ல் கணிக்கப்பட்டது. லாம்டன் தொடங்கி எவரெஸ்ட் நீட்டிய தீர்க்கக்கோட்டு அளவையைச் சார்ந்தது. மென்பொருளின் பட்டியலில் ‘எவரெஸ்ட்’ என்ற பெயரைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் தொடுவது, வெப்பமானி வைத்துத் திருத்திய அந்த எஃகுச் சங்கிலியின் எச்சத்தை. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூ.ஜி.எஸ்.-84-க்கு மாற்றியது, 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் தனியார் அளப்பதற்கும் வரைவதற்கும் இருந்த முன் அனுமதிக் கட்டாயத்தைப் பெரும்பாலும் நீக்கின. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்ற சுவர் அப்படி இடிந்தது.

இடியாத சுவர் ஒன்று உண்டு, அது கிராமத்தில். வருவாய்த் துறையின் புலப்படம் ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டது: அளவுக்கு ஆதாரமான ஜி-லைன், அதிலிருந்து செங்குத்தாக எடுத்த ஆஃப்செட், குண்டர் சங்கிலியின் லிங்க் கணக்கில் எண்கள். தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருளில் இந்த எண்களை ஏற்றினால் ஒற்றைப் புலம் அழகாக வரும். பக்கத்துப் புலங்களைச் சேர்த்து ஊரை ஒட்டும்போதுதான் சிக்கல். இங்கே ஒரு இடைவெளி, அங்கே ஒன்றன்மேல் ஒன்று. மீச்சிறு வர்க்க முறையில் சரிக்கட்டினால் படம் பொருந்திவிடும். ஆய்வேட்டுக்கு அருமையான தலைப்பு. ஆனால் பொருந்துவதற்காக ஒவ்வொரு வரப்பும் சற்றே நகர்கிறது, நகர்ந்த வரப்புக்குப் பட்டாதாரர் இருக்கிறார். 1923-ஆம் ஆண்டின் அளவை, எல்லைகள் சட்டப்படி எல்லையை முடிவுசெய்ய அவருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி விட வேண்டும், அதன்பிறகும் அவர் உரிமையியல் நீதிமன்றம் போகலாம். கணினி சரிக்கட்டிய ஆயத்தொலைவு இந்தப் படிகள் எதையும் ஏறவில்லை. எனவே எல்லைத் தகராறு வந்தால் சர்வேயர் மடிக்கணினியை விட்டுவிட்டுப் பழைய புலப்படத்தையும் கல்லையும் தேடிப்போகிறார்.